ஏழு சொடுக்கு

நூறு தட்டுக்கு ஒன்றைக் கேட்பேன்.
மிச்சம் தொண்ணூற்றொன்பதும்
என் பேரைச் சொல்லிக்கொண்டு லாரி ஏறும்.

மொராவியாவில் ரயில் மனசிருந்தால் நிற்கிற ஊர்.
ஆலைக்குப் பின்னால் ஆறு, ஆற்றின்மேல் ஆலையின் நீராவி.
பஞ்சு பதித்த அறையில் இருபத்தாறு வருஷம்
பாட்டைக் கேட்காதிருக்கப் பழகியவள் நான்.
பாட்டைக் கேட்டால் பிசகு காதில் விழாது.
‘கல்யாணச் சாப்பாட்டில் கல் பொறுக்குகிறவள்’ என்பான்
அச்சு யந்திரத்து வொய்த்யெக்.

துளை மயிரிழை நடு விலகினால் போதும்,
பியானோவுக்குப் படகு மயக்கம் வந்துவிடும்.
ஆறுவதற்குள் அச்சைத் திறந்தால்
எண்ணெய் காணாமலே தட்டு அப்பளமாய் நெளியும்.
ஒருமுறை லேபிளுக்கடியில் ஒரு கொசு,
சிறகு மடங்காமல், முழுசாக.
படிவத்தில் கொசுவுக்கென்று கட்டம் இல்லை.

லேவார்டனிலிருந்து சீட்ஸ்கா ஹொய்டிங்கா என்றொருத்தி எழுதினாள்:
செல்லோ தட்டு, இரண்டாம் பக்கம், மூன்றாவது துண்டு.
நாலாம் நிமிஷம், வில் மெதுவாய் இறங்குமிடத்தில்
சுற்றுக்கு ஒன்றாக
ஏழு சொடுக்கு.
தட்டையும் அனுப்பியிருந்தாள்
பழைய தலையணை உறையில் சுற்றி.

கேட்டேன்.
வில் இறங்கியது. ஒன்றுமில்லை.
ஊசியைத் துடைத்துவிட்டு மறுபடி.
ஒன்றுமில்லை.
‘பிசகு காணப்படவில்லை’ என்று தட்டச்சு செய்து
மரியாதைக்கு ஒரு புதுத் தட்டும் வைத்து அனுப்பினேன்.

பன்னிரண்டாம் நாள் இரண்டும் திரும்பி வந்தன.
‘இதிலும் ஏழு.’
அவ்வளவுதான் கடிதம்.
கோபமில்லாத கையெழுத்து; அதுதான் உறுத்தியது.

வொய்த்யெக்கைக் கூப்பிட்டேன்.
எண்ணெய்க் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.
வில் இறங்கியது.
அவன் தலை லேசாக ஆடியது, ஒன்று.
எனக்கு வெறும் செல்லோ.
இரண்டு. மூன்று.
ஏழில் தலை நின்றது.
‘கேட்டதா?’
‘கேட்டது’ என்றேன்,
அவன் தலையைப் பார்த்து எண்ணியதை.

விளக்கைச் சாய்த்துப் பூதக்கண்ணாடி வைத்தேன்.
ஏழு பள்ளங்களைக் கட்டிக்கொண்டு
கடுகில் பாதிக்கொரு மேடு.
நகத்துக்குத் தெரிந்தது.

எங்கள் ஆலையில் வம்சம் இப்படி:
வெட்டிய மூலத்திலிருந்து நிக்கலில் அப்பன்,
அப்பனிலிருந்து அம்மா,
அம்மாவிலிருந்து அச்சு.
அப்பனுக்கு மேடானது அம்மாவுக்குப் பள்ளம்,
அச்சுக்கு மறுபடி மேடு.
இதில் ஏதோ ஒரு பிரசவத்தில், நிக்கல் தொட்டிக்குள்
யாருடைய சட்டையிலிருந்தோ ஒரு தூசு.
அந்த அச்சில் அடித்தவை எண்ணூற்றுப் பதினாறு.
அதாவது எட்டை நான் கேட்டிருக்கிறேன்.
எட்டிலும் என் கையெழுத்து இருக்கிறது,
த்ரஹோமீரா என்று, வால் நீட்டி.

செவிடன் காதில் ஊதிய சங்கு என்கிறார்கள்.
சங்கென்றால் எனக்குக் கேட்டிருக்கும்.
போனது அந்த உயரத்துச் சில்லறை மட்டும்:
தீக்குச்சி உரசல், வெட்டுக்கிளி,
கல் தரையில் சாவி.
எப்போது போனதென்று தெரியவில்லை.
போகிறபோது அது சத்தம் போடவில்லை.

அன்று மாலை இரண்டு தாள் எழுதினேன்.
மேலாளருக்கு ஒன்று, அதை இங்கே சொல்ல வேண்டாம்.
லேவார்டனுக்கு ஒன்று:
‘ஏழும் உண்மை.
உடன் வரும் தட்டு புது அச்சில் அடித்தது.
கேட்டுச் சரிபார்த்தவர் வொய்த்யெக் ஹ்ருப்பெஷ்.’

கிடங்கில் மிஞ்சியிருந்த முந்நூற்றுச் சொச்சத்தை
லேபிள் வட்டம் குத்தியெடுத்து அரவையில் கொட்டினார்கள்.
கறுப்பு அவல் மாதிரி கீழே விழுந்தது.
நாளை அது வேறு யாருடைய டிரம்பெட்டோ.

ஒன்றை மட்டும் எடுத்து வைத்திருந்தேன்.
எல்லோரும் போனபின் ஊசியை இறக்கினேன்.
தேட எதுவுமில்லை,
தேடினாலும் அகப்படாது.
கையை மடியில் வைத்துக்கொண்டு
முதலிலிருந்து கடைசிவரை கேட்டேன்.

பரவாயில்லை.
மூன்றாவது துண்டுதான் கொஞ்சம் இழுவை.